நான் வாசித்துக் காட்டிய ரிப்போர்ட்

இது நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. தொண்ணூறுகளின் நடுவில், கோவில்பட்டியில் இருந்து பசுவந்தனை போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, இரண்டு கிலோமீட்டர் உள்ளே நடந்தால் வரும் ஒரு கரிசல் கிராமத்தில் நான் கிராம சுகாதார நர்ஸாக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். வயது இருபத்து நான்கு. கோவில்பட்டி டவுனில் பிறந்து வளர்ந்தவள். தோளில் தடுப்பூசி ஐஸ் பெட்டி, கையில் ரிஜிஸ்டர், வாய் மட்டும் வயதுக்கு இரண்டு மடங்கு.

மழைக்காலத்தில் கரிசல் மண் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பேன். இவ்வளவு கஷ்டப்பட்டு வருகிற நான் சொல்வதை இந்த ஊர் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று எனக்குள் ஒரு நினைப்பு. பெரிய தப்பு அந்த நினைப்பில்தான் தொடங்கியது என்று இப்போது தெரிகிறது.

எங்கள் பக்கம் போர் போட்டால் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான் வரும். அந்த ஊருக்கு மட்டும் என்ன அதிர்ஷ்டமோ, பஞ்சாயத்தில் போட்ட அடிபம்பில் குடிக்கிற மாதிரித் தண்ணீர் கிடைத்தது. பம்பு ஊர் மேட்டில் இருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் ஒரு சின்ன தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். குச்சியின் தலையில் மருந்து முக்குகிற தட்டுகளைக் கழுவிவிட்டால் சிவப்பாகத் தண்ணீர் ஓடி, பள்ளத்திலேயே எங்கோ போய் வற்றிவிடும். மேட்டில் இருக்கிற பம்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பது என் அபிப்பிராயம். நான் மண்ணைத் தோண்டிப் பார்த்தவள் இல்லை. சும்மா ஒரு அபிப்பிராயம்தான்.

அந்த ஊரில் ஒரு அக்கா இருந்தார். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. முதலில் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு மிளகாய் வத்தல் காட்டுக்குக் கூலிக்குப் போனார். அவருக்கு முதலில் ஒரு பெண் குழந்தை பிறந்து, எட்டு மாதத்தில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து இறந்துபோயிருந்தது. நான் அந்த ஊருக்கு வருவதற்கு முன்னால் நடந்தது. அந்தக் குழந்தை இறந்த மாதமும் அடிபம்பு போட்ட மாதமும் ஒன்று. விடிகாலையில் முதல் ஆளாகப் போய் அடித்தால் பம்பில் கொஞ்சம் சிவப்பாகத் தண்ணீர் வரும். அது குழாயின் துரு. அந்த அக்கா அதைத் தீப்பெட்டி மருந்து என்று முடிவு பண்ணிவிட்டார்.

அந்தப் பயம் கொஞ்ச நஞ்சம் இல்லை. பம்பைக் கடந்து போகும்போது சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வார். பம்புத் தண்ணீரில் கை கழுவியவர்கள் யாரும் அவருடைய இரண்டாவது குழந்தையைத் தூக்கக்கூடாது. அந்தப் பையனுக்கு அப்போது ஒன்றரை வயது. விளையாட்டாக யாரோ பம்புத் தண்ணீரை அவன் மேல் தெளித்துவிட்டார்கள் என்று, பாதி வேலையில் காட்டில் இருந்து ஓடி வந்து குளிப்பாட்டியதை நானே பார்த்திருக்கிறேன். குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் தூரத்தில் இருந்த ஊருணியில் இருந்து தண்ணீர் சுமந்து வருவார்.

ஊருணித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று கேட்கவே வேண்டாம். ஆடு மாடு இறங்கும். கரையில் துணி துவைப்பார்கள், மற்றதும் செய்வார்கள். அதைக் குடித்து அந்தப் பையனுக்கு மாதம் ஒரு தடவை வயிற்றால் போகும். நான் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கொடுப்பேன். அதையும் அந்த அக்கா ஊருணித் தண்ணீரில்தான் கரைத்துக் கொடுப்பார். கொதிக்க வைத்துக் கொடுங்கள் என்றால் தலையை ஆட்டுவார். விடிந்தால் காட்டுக்குப் போகிற பெண் எத்தனை தடவை அடுப்பு மூட்டுவார்? பையன் எடை போடும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கும். ஒரு தண்ணீருக்குப் பயந்தே குழந்தையை இன்னொரு தண்ணீரில் பறிகொடுத்துவிடப் போகிறாரே என்று. இதில் வேறு இன்னும் நான்கைந்து வீட்டுக்காரர்களும் அவரைப் பார்த்து ஊருணிக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள்.

அவரை மாற்ற நான் செய்த முதல் வைத்தியம் கேலி. பம்படியில் பெண்கள் கூடியிருந்தபோது, "யக்கா, இந்தத் தண்ணியில தீப்பெட்டி மருந்து இருந்தா எங்க வயித்துல குச்சியை உரசிப் பத்த வைக்கலாமே, அடுப்புக்குச் செலவு மிச்சம்லா" என்றேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த அக்கா சிரிக்கவில்லை. குடத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு போய்விட்டார். என் வாய்ச்சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவர் கண் முன்னாலேயே ஒரு செம்பு பம்புத் தண்ணீரைக் குடித்துக் காட்டினேன். அதற்கு அவர் நிதானமாகச் சொன்னார். "நீங்க வளந்த மனுசி நர்ஸம்மா, ஒங்களுக்குத் தாங்கும். பச்சப்பிள்ளைக்குத் தாங்குமா?" செம்பைக் கீழே வைத்தேன். பிறகு அவரே கேட்டார். "ரத்தத்தை டெஸ்ட் பண்ணுதீங்க. மூத்திரத்தை டெஸ்ட் பண்ணுதீங்க. தண்ணியை மட்டும் டெஸ்ட் பண்ண முடியாதாக்கும்?"

படித்த எனக்குத் தோன்ற வேண்டிய கேள்வி அது. பண்ணலாமே, திருநெல்வேலியில் அதற்கென்று ஆய்வுக்கூடம் இருக்கிறது, நானே அனுப்பி வைக்கிறேன் என்றேன். காலி குளுக்கோஸ் பாட்டில் ஒன்றைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு போய் ஐந்தாறு தடவை கழுவி, பம்பை அவர் தொடமாட்டார் என்பதால் பக்கத்து வீட்டுப் பெண்ணை அடிக்கச் சொல்லி, தூரத்தில் நின்று பார்த்து, மூடி போட்டு, துணியில் பொதிந்து, துணை சுகாதார நிலையத்தில் என் மேசையில் கொண்டு வந்து வைத்தார். "பைய கொண்டு போங்க, ஒடைஞ்சிரப் போகுது" என்றார்.

பாட்டில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தது. முதல் வாரம் பஸ் தவறிவிட்டது. இரண்டாவது வாரம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்து திருநெல்வேலி போகிறவரிடம் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன், அவர் லீவு. அதற்குப் பிறகு மறந்துவிட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய். தினமும் கண்ணில் படும், நாளைக்கு என்று நினைப்பேன். ஒன்றும் இல்லாத தண்ணீரை எதற்கு அவ்வளவு தூரம் சுமக்க வேண்டும் என்ற அலட்சியம். ஒவ்வொரு புதன்கிழமையும், ஊசி போடுகிற நாளில், அந்த அக்கா வாசலில் வந்து நின்று, "ரிப்போட்டு வந்துட்டா நர்ஸம்மா?" என்பார். இன்னும் வரலக்கா என்பேன். சரி தாயி என்று போய்விடுவார்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் மத்தியானம் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். கண் உள்ளே போய், நாக்கு வறண்டு, தோலைக் கிள்ளிவிட்டால் அப்படியே நிற்கிறது. ஒரு டிராக்டரைப் பிடித்து கோவில்பட்டி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நல்ல வேளை, டிரிப்ஸ் ஏற்றிப் பிழைக்க வைத்துவிட்டார்கள். நான்காவது நாள் வீட்டுக்கு வந்தவுடன் அந்த அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு எங்கே போனார் தெரியுமா? மறுபடியும் ஊருணிக்கு.

அன்றைக்குத்தான் இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று தீர்மானித்தேன். ஜன்னலில் இருந்த பாட்டிலைப் பார்த்தேன். வெயில் பட்டுப் பட்டு உள்ளே பச்சையாக ஏதோ படர்ந்திருந்தது. இனி அதை அனுப்பவும் முடியாது. கொண்டுபோய்ச் செம்பருத்திச் செடியில் ஊற்றினேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள், ஒரே ஒரு பொய் சொல்லி ஒரு பிள்ளையைக் காப்பாற்றினால் என்ன என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை அவர் வந்தார். அவர் கேட்பதற்கு முன்னாலேயே, "யக்கா, ரிப்போர்ட் வந்துட்டு" என்றேன். அவர் முகம் போன போக்கைச் சொல்லத் தெரியவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பெஞ்சில் கூட உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். "வாசிங்க" என்றார்.

வாய்ப்பேச்சோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வாசிக்கச் சொல்வார் என்று யோசிக்கவே இல்லை. மேசையில் கிடந்த ஒரு காகிதத்தை எடுத்தேன். இங்கிலீஷில் டைப் அடித்து, கீழே ரவுண்டு சீல் வைத்திருந்தது. அந்த மாதம் எனக்கு வந்த தடுப்பு மருந்து, ஊசி, பஞ்சு இவற்றின் பட்டியல் அது. அதைக் கண் முன்னால் பிடித்துக்கொண்டு, வரிவரியாக விரலை ஓட்டி, "உப்பு அளவோட இருக்கு. தீப்பெட்டி மருந்து எதுவும் இல்லை. கிருமி இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் குடுக்கலாம்னு டாக்டரே கையெழுத்துப் போட்டிருக்காங்க" என்று வாசித்தேன். குரல் கொஞ்சம் கூடத் தடுமாறவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

"சின்னப் பிள்ளைக்கும்னு போட்டிருக்கா?" என்று இன்னொரு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். "அது எந்த எடத்துல போட்டிருக்கு?" என்றார். நான் ஒரு வரியில் விரலை வைத்தேன். அவர் எழுந்து வந்து குனிந்து அந்த வரியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்தக் காகிதத்தைத் தனக்குத் தருவீர்களா என்று கேட்டார். நான் திருதிருவென்று முழித்தேன். கொடுக்க முடியாது, இது ஆபீஸ் காகிதம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சந்தேகப்படுவாரோ என்ற பயத்தில் கொடுத்துவிட்டேன். இரண்டு கண்ணிலும் ஒற்றி, நாலாக மடித்து, எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலமே பம்படிக்குக் குடத்தோடு வந்துவிட்டார். தானே அடித்தார். முதல் ஐந்தாறு அடியைக் கீழே விட்டுவிட்டுப் பிறகு பிடித்தார். அதற்குப் பிறகு ஒரு நாற்பது நாள் அந்த ஊரில் எனக்கு வேலையே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. பயந்து ஊருணிக்குப் போன மற்ற வீட்டுக்காரர்களை அவரே வீடு வீடாகப் போய் மாற்றினார். காகிதத்தைக் காட்டுவார். இந்த வரியில் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம் என்று போட்டிருக்கிறது என்று அதே வரியில் விரல் வைப்பார். நான் இரண்டு வருடம் தொண்டை கிழியக் கத்தி ஆகாததை அந்த அக்கா ஒரு மாதத்தில் செய்தார். பயந்திருந்தவர் சொன்னால் பயந்தவர்கள் நம்புவார்கள்தானே. பையனுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. மாதாந்திரக் கூட்டத்தில் என் வேலையைப் பாராட்டினார்கள். சாப்பிடும்போது மற்ற நர்ஸுகளிடம் பஞ்சுப் பட்டியலை வாசித்த கதையைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன்.

ஒரு புதன்கிழமை. ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். துணை சுகாதார நிலையத்துக்கும் பம்புக்கும் பத்தடிதான் இருக்கும். ஒரு வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள், மாசமாக இருந்தவள், பம்புத் தண்ணீர் வேண்டாம் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். நம் அக்கா விடுவாரா? ஓடிப்போய்க் காகிதத்தை எடுத்து வந்தார். "ஏட்டி, நானே எட்டிப் பாக்காத தண்ணி இது. இப்பம் எம்பிள்ளைக்கு ஊத்துதேன். இந்தா பாரு, டாக்டரு கையெழுத்து" என்று விரித்துக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்துத் தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை சைக்கிளில் வந்தார். அந்த ஊரில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த ஒன்றிரண்டு பேரில் அவர் ஒருவர். "அண்ணாச்சி, நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க, இவ நம்ப மாட்டேங்கா" என்று அந்த அக்காவேதான் அவரைக் கூப்பிட்டு நிறுத்தினார். ஏற்கெனவே தன் ஆபீஸைக் குற்றம் சொன்னவர் என்று அவருக்கு அந்த அக்கா மேல் ஒரு வருத்தம் உண்டு. காகிதத்தை வாங்கி ஒரு ஓட்டம் ஓட்டினார். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏட்டி, இதுல தண்ணியைப் பத்தி ஒரு எழவும் இல்லையே! போலியோ மருந்து இத்தனை, ஊசி இத்தனை, பஞ்சு அரைக்கிலோன்னுல்லா போட்டிருக்கு. நம்ம தண்ணியில பஞ்சு கெடக்காம்லே, கேட்டியளா!"

பம்படியே சிரித்தது. அந்த அக்காவின் பேச்சைக் கேட்டு ஊருணியை விட்டு வந்தவர்களும் சிரித்தார்கள். ஒருத்தி, "ஊருணிக்கு நாலு மைல் நடந்தவளுக்குப் பஞ்சுத் தண்ணி" என்றாள். அந்த அக்கா எந்த வரியில் எப்போதும் விரல் வைப்பாரோ அதே வரியில் விரலை வைத்து, "இதுல சின்னப் பிள்ளைக்குக் குடுக்கலாம்னு இல்லையா, அண்ணாச்சி?" என்று கேட்டார். அந்த வரிதான் பஞ்சு.

கணக்குப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "நர்ஸம்மா, இது ஒங்க ஆபீஸ் சீலுல்லா? நீங்களா குடுத்தீங்க?"

என் கையில் மருந்து ஏற்றிய ஊசி. மடியில் யாரோ ஒருவருடைய குழந்தையின் தொடை. எல்லாருடைய கண்ணும் என் மேல். வாயைத் திறந்தேன். இரண்டு மடங்கு நீளமான என் வாயில் இருந்து காற்றுகூட வரவில்லை.

அந்த அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். என் முகத்தைப் பார்த்தவுடனேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிறகு திரும்பி, சாதாரணமான குரலில் சொன்னார்.

"நாந்தான் மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன் அண்ணாச்சி. நர்ஸம்மா மேசையில ரெண்டு காயிதம் கெடந்துச்சு. எழுத்து தெரியாத சவம், எதை எடுத்தேன்னு எனக்கென்ன தெரியும்?"

கணக்குப்பிள்ளை மறுபடி என்னைப் பார்த்தார். நான், "ஆமா, மாறிப்போச்சு போல" என்றேன்.

இதை எழுதும்போதே பேனாவை வைத்துவிட்டு ஒரு தடவை எழுந்து போய் வந்தேன்.

அவர்கள் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். நான் மீதி ஊசிகளைப் போட்டேன். அந்த அக்கா பையனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கதவைப் பூட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போகிற வழியில் கால் தானாக அவர் வீட்டுப் பக்கம் திரும்பியது. அவர் அடுப்படியில் ஒரு குடத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். குடம் நிறையப் பம்புத் தண்ணீர். ஊற்றுவதா வைப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். மன்னிச்சிருங்கக்கா என்றேன், எனக்காக ஏன் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"ஒங்களுக்காகச் சொல்லலை" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "இன்னைக்கு ஊசிக்குப் பதினாலு பிள்ளைய வந்திருந்துச்சு. நர்ஸம்மா பொய் சொல்லுவாவன்னு தெரிஞ்சா அடுத்த பொதங்கிழமை ஒரு பிள்ளை வருமா? எம் பிள்ளையும் அதுல ஒண்ணுல்லா."

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் அழவில்லை. "தண்ணியில என்னதான் இருக்கு?" என்று கேட்டார்.

"தெரியாதுக்கா" என்றேன். அந்த ஊரில் நான் அவரிடம் சொன்ன முதல் உண்மை.

"தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன? நான் இன்னும் ரெண்டு மாசம் காத்துக்கெடப்பேன்லா." பிறகு சொன்னதுதான் என்னை இன்றுவரை விடவில்லை. "பொம்பளப் பிள்ளைக்குச் சொகமில்லாம இருக்கும்போது ஊருணி தூரம்னு நாந்தான் சோம்பப்பட்டு இந்த பம்புத் தண்ணியை ஊத்துனேன். எங் கையாலதான் ஊத்துனேன். நீங்க காயிதத்தை வாசிச்ச அன்னைக்குத்தான் நான் ஒழுங்காத் தூங்குனேன், நர்ஸம்மா. நான் அவளைக் கொல்லலைன்னு."

இரண்டு வருடம் அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறேன். ரிஜிஸ்டரில் 'முதல் குழந்தை இறப்பு' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். அந்தக் குழந்தை போன அன்று என்ன நடந்தது என்று ஒரு நாள்கூட அவரிடம் கேட்டதில்லை. தண்ணீருக்குப் பயப்படுகிறார், அறியாமை என்று நினைத்தேன். அவர் பயந்தது தண்ணீருக்கு இல்லை, தன் கைக்கு. அது தெரியாமல் நான் தீக்குச்சி உரசுகிற ஜோக் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

அடுத்த நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். மறுபடியும் பாட்டில் கழுவினோம். இந்தத் தடவை அவரே அடித்தார். பையனையும் தூக்கிக்கொண்டு இருவரும் கோவில்பட்டி வந்து, திருநெல்வேலி பஸ் பிடித்தோம். வழியெல்லாம் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். என் கையில் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. கொடுத்துவிட்டு வந்து, அவர்கள் சொன்ன நாளில் திரும்பவும் போனோம். அங்கே இருந்தவரிடம், ரிப்போர்ட்டை என்னிடம் தராதீர்கள், இவர்களிடம் நீங்களே வாசித்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். நல்ல மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். தீப்பெட்டி மருந்து என்று சந்தேகப்பட எதுவும் இல்லை. இரும்பு கொஞ்சம் கூடுதல், குழாய் துருப்பிடித்திருக்கிறது, அதனால்தான் காலையில் சிவக்கிறது, கொஞ்சம் அடித்துவிட்டுப் பிடியுங்கள் என்றார்.

அந்த அக்கா கேட்டார். "எட்டு மாசப் பிள்ளைக்குக் குடுக்கலாமா, சார்?"

எந்தத் தண்ணீராக இருந்தாலும் காய்ச்சி ஆறவைத்துக் கொடுப்பதுதான் நல்லது என்று அவர் சொன்னார்.

"காச்சாமக் குடுத்திருந்தா?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திரும்பவும் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணியால உசுருக்கு ஒண்ணும் ஆகியிருக்காதும்மா" என்றார்.

வெளியே வராந்தாவில் தூண் ஓரமாக உட்கார்ந்து அந்த அக்கா அழுதார். எத்தனையோ வருடத்து அழுகை. பையன் பயந்து அவர் முகத்தைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தான். அவனைத் தூக்கிக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை, நான் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பம்புத் தண்ணீர்தான். பையன் நன்றாக இருந்தான். ஆனால் உண்மையான ரிப்போர்ட்டை அந்த அக்கா யாரிடமும் காட்டவில்லை. ஊரில் யார் எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் வாய் திறக்கவில்லை. அந்த மாசமான பெண் ஊருணிக்கே போய்க்கொண்டிருந்தாள். நான் போய்ச் சொன்னேன், கேட்கவில்லை. அந்த அக்கா சொன்னால் கேட்டிருப்பாள், ஆனால் அவர் பேச்சுக்குத்தான் ஊரில் மரியாதை போய்விட்டதே. அவரைப் பம்படியில் பார்த்தால், "பஞ்சு இருக்கா பாத்துப் பிடிட்டி" என்று கேலி செய்வார்கள். பெயரே பஞ்சுத் தண்ணி என்று ஆகிவிட்டது. நான் கேட்கும்படியாகவே கூப்பிடுவார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் தண்ணீர் அடிப்பார்.

என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். அவனுக்கு ஊசி இருக்கிற புதன்கிழமை தவறாமல் பையனைக் கொண்டு வருவார், ஊசி போட்டதும் எழுந்து போவார். ரிப்போட்டு வந்துட்டா என்று வாசலில் வந்து நின்ற அந்த முகத்தை மட்டும் நான் பிறகு பார்க்கவில்லை.

அடுத்த புதன்கிழமை எல்லாரும் கூடியிருக்கும்போது சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். ஊசிக்குப் பிள்ளைகள் வராமல் போய்விடும் என்று அவர் சொன்னதையே எனக்குக் கேடயமாகப் பிடித்துக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரிப்பாரே, மேலே புகார் போகுமே, கூட்டத்தில் பாராட்டியவர்கள் என்ன சொல்வார்கள் என்ற பயம். ஒன்றரை வருடம் கழித்து மாறுதல் வந்தது. விடைபெறப் போனபோது அந்த அக்கா காட்டுக்குப் போயிருந்தார். காத்திருந்து பார்த்திருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன்.

இப்போது வேறு ஊரில் இருக்கிறேன். செல்போன் டவரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், போலியோ சொட்டு மருந்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் என்று யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். நான் கேலி செய்வதில்லை. எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்போதிலிருந்து இந்தப் பயம், வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். பாதிப் பேர் அழுதுவிடுகிறார்கள். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள், உங்களுக்கு ரொம்பப் பொறுமை அக்கா என்று புகழ்கிறார்கள். அவர்களிடமும் நான் இந்தக் கதையைச் சொன்னதில்லை.

ஒருத்தியின் பயத்தைப் போக்குகிறேன் என்று கிளம்பியவள், என் பயத்தை மறைக்க அவளை ஊர் சிரிக்க விட்டுவிட்டேன். நான் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் அந்தப் பம்படியில் அந்த அக்காவை யாராவது பஞ்சுத் தண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.